றாத்தல், யார், பேர்ச்: கொழும்பில் வாங்குவோருக்கு ஒரு மெற்றிக் கணக்கு

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பேக்கரியில் "ஒரு றாத்தல் பாண்" என்று கேட்டால் உடனே கிடைக்கும். ஆனால் சட்டப்படி அங்கே விற்கப்படுவது 450 கிராம். பழைய றாத்தல் என்பது 453.6 கிராம்; அந்த மூன்றரைக் கிராம் யாருக்கும் பெரிய நட்டமில்லை. அதைவிட முக்கியமான கணக்கு வேறொன்று.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை 2024 இல் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலின்படி முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் இருக்கவேண்டும். வெதுப்பும்போது நிறை சற்றுக் கூடிக் குறையும் என்பதால் முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் குறைய இடமுண்டு. அதாவது முழுப் பாண் 436.5 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. அரைப் பாண் 216 கிராமுக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு அரைப் பாண் வாங்குபவருக்குச் சட்டத்தை மீறாமலே மொத்தம் 432 கிராம் மட்டும் கிடைக்கலாம். அன்றாடம் பாணை நம்பி வாழும் குடும்பங்கள் இந்த எண்களை மனத்தில் வைத்திருப்பது நல்லது. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் வீட்டிலேயே நிறுத்துப் பார்த்துவிடலாம்.

இலங்கை மெற்றிக் முறைக்கு மாறுவதற்கான சட்டம் 1974 இல் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1995 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம். வீட்டில் உயரத்தை அடியில் சொல்வதையோ காய்ச்சலைப் பரனைற்றில் சொல்வதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வியாபாரத்தில் பயன்படும் அளவுதான் சட்டத்தின் அக்கறை. என் கருத்தில் அது சரியான எல்லை. பழைய பெயர்கள் பேச்சில் இருக்கட்டும். விலையை ஒப்பிடும்போது மட்டும் கிராம், மீற்றர், லீற்றர் என்று கணக்குப் பார்க்கவேண்டும்.

புறக்கோட்டைத் துணிக்கடைகளை எடுத்துக்கொள்வோம். ஒரு யார் என்பது 91.44 சென்ரிமீற்றர். மீற்றர் 1,000 ரூபாய் என்றால் அதே துணி யார் 914 ரூபாய்க்குத்தான் கிடைக்கவேண்டும். இரண்டு கடைகளும் 1,000 ரூபாய் என்று சொல்லி, ஒன்று மீற்றரிலும் மற்றது யாரிலும் வெட்டினால், யாரில் வாங்குபவர் ஒவ்வொரு யாருக்கும் எட்டரைச் சென்ரிமீற்றர் இழக்கிறார். பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி எடுக்கும்போது அது தையற்காரரிடம் போனதும் தெரியவரும். விலை கேட்கும்போதே "மீற்றரா, யாரா?" என்று கேட்டுவிடுங்கள்.

தேங்காயெண்ணெயிலும் இதே சிக்கல்தான். போத்தல் என்று சொல்வது வழக்கமாக 750 மில்லிலீற்றர். போத்தல் விலையை மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினால் லீற்றர் விலை வந்துவிடும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் தங்கம் ஒரு பவுண் 8 கிராம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அங்கே குழப்பம் குறைவு. பற்றுச்சீட்டில் கிராம் தனியாகவும் செய்கூலி தனியாகவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெரிய பணம் போவது காணியில். கொழும்பில் காணி விலை பேர்ச் கணக்கில்தான் பேசப்படுகிறது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர், அல்லது 272.25 சதுர அடி. நாற்பது பேர்ச் ஒரு றூட், நான்கு றூட் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தில் வழக்கமாகச் சொல்லும் ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஆனால் நில அளவை வரைபடத்தில் பரப்பளவு ஹெக்டேயரில் இருக்கும். 10 பேர்ச் காணி அங்கே 0.0253 என்று சின்ன எண்ணாகத் தெரியும். ஹெக்டேயரை 395.37 ஆல் பெருக்கினால் பேர்ச் வரும். நான்காவது தசம தானத்தில் ஓர் இலக்கம் மாறினால் ஒரு சதுர மீற்றர் மாறிவிடும். 0.0253 ஐ 0.0235 என்று தவறி எழுதினால் முக்கால் பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவான நிலம் எழுத்தில் காணாமற்போகும். கொழும்பு விலையில் அது ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு. ஆகவே காணி உறுதியில் கையொப்பமிடுவதற்கு முன், தரகர் சொன்ன பேர்ச்சையும் வரைபடத்திலுள்ள ஹெக்டேயரையும் உறுதியில் எழுதியிருப்பதையும் பக்கத்தில் வைத்து நீங்களே பெருக்கிப் பாருங்கள். சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைகளில் பயன்படும் தராசும் படியும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். அந்த முத்திரையைக் காட்டுமாறு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிறுக்கத் தொடங்கும் முன் இலத்திரனியல் தராசு பூச்சியத்தில் நிற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறையிலோ அளவிலோ குறை கண்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீங்கள் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டு தந்தாகவேண்டும். எழுத்துமூல முறைப்பாட்டை, பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் கொடுக்கவேண்டும். பற்றுச்சீட்டின் பிரதியையும், வாங்கிய திகதியையும், நிறுத்தபோது கிடைத்த அளவைக் கிராமிலும் சேர்த்து எழுதுங்கள்.