மண்டையோட்டு அடித்தளச் சத்திரசிகிச்சை: மட்டக்களப்பு, அம்பாறை நோயாளர் அறிய வேண்டியவை

பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் உள்ள ஹோர்மோன் சுரப்பி) கட்டி, காது நரம்புக் கட்டி, மூக்கால் மூளைத் தண்ணீர் கசிதல் ஆகியவற்றுக்கு மூளையைத் தாங்கும் அடி எலும்பின் வழியாகச் சத்திரசிகிச்சை செய்வார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் கிடையாது. வார்ட், அதிதீவிர சிகிச்சை, பின்னர் தொடரும் கிளினிக் எல்லாம் அதற்குள் அடங்கும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை ஆகியவற்றில் உங்களுக்கு அருகில் உள்ளதன் கிளினிக்கில் தொடங்குங்கள். கொழும்புக்கு அனுப்பினால் மாற்றுக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சீடியையும் கொண்டுபோங்கள். சிடி ஸ்கேனில் எலும்பையும் எம்ஆர்ஐயில் கட்டியையும் நரம்பையும் சத்திரசிகிச்சை நிபுணர் தானே பார்த்துத்தான் வழியைத் தீர்மானிப்பார். இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரின், குளோபிடோகிரல் குடிப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரத்தப்போக்குக்குப் பயந்து திகதி தள்ளிப்போகும். நீங்களாக நிறுத்தவும் கூடாது.

தனியார் வைத்தியசாலையில் செய்ய நேர்ந்தால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். திகதி குறித்தவுடன், பணம் கட்டும் முன்னரே போங்கள். அரச ஊழியர் என்றால் அக்ரஹார காப்புறுதியையும் கேளுங்கள்.

சில சிக்கல்கள் வீடு திரும்பிய பிறகும் வரலாம். மூக்கு வழியே கட்டியை எடுத்தால், திறந்த எலும்பை மூக்கின் நடுச்சுவர்ச் சவ்வாலோ உடம்பில் எடுத்த கொழுப்பாலோ அடைப்பார்கள். அந்த ஒட்டுப் பிடிக்கச் சில வாரங்கள் வேண்டும். அதுவரை மூக்குச் சிந்தக் கூடாது, ஸ்ட்ரோவால் உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மலச்சிக்கலில் முக்கினாலும் கிணற்றில் தண்ணீர் அள்ளினாலும் மண்டைக்குள் அழுத்தம் ஏறி ஒட்டு நகரலாம். தொழுகையாளர்கள் சுஜூதுக்குக் குனிவதும் வுழுவில் மூக்குக்குத் தண்ணீர் செலுத்துவதும் இதே ஆபத்துத்தான். எப்போது தொடங்கலாம் என்று டிஸ்சார்ஜ் நாளிலேயே வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள்.

குனியும்போது ஒரு மூக்கால் தெளிந்த தண்ணீர் சொட்டினால் கைக்குட்டையில் பிடித்துக் காயவிடுங்கள். சளி பட்ட துணி காய்ந்ததும் விறைக்கும், மூளைத் தண்ணீர் பட்டது விறைக்காது. தொண்டைக்குள் உப்புச் சுவையும் தெரியலாம். ஆனால் துணி காயும்வரை வீட்டில் காத்திருக்காதீர்கள், சொட்டினாலே வைத்தியசாலைக்குப் போங்கள். கூடவே காய்ச்சலும் கழுத்து விறைப்பும் இருந்தால் மூளைச்சவ்வு அழற்சியாக இருக்கலாம். உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள்.

பிட்யூட்டரி நோயாளருக்கு முதல் இரண்டு வாரங்கள் தனிக் கவனம் தேவை. அடங்காத தாகத்தோடு ஓயாமல் சிறுநீர் போவது ஒரு சிக்கல். தலையிடி, வாந்தி, தடுமாற்றத்தோடு சோடியம் குறைவது இன்னொன்று. இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் இரண்டையும் காட்டிக்கொடுக்கும். உடலில் குறையும் ஹோர்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகோர்ட்டிசோன் குளிசை தந்திருந்தால் ஒரு வேளையும் தவறக் கூடாது. வாந்தியால் குளிசை வயிற்றில் நிற்கவில்லை என்றால் ஊசியாக ஏற்றியே ஆக வேண்டும்.

காது நரம்புக் கட்டி எடுத்தவருக்கு முகம் கோணி, கண் மூடாமல் இருக்கலாம். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு பூசி இமையை ஒட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும்.

எங்கே போனாலும் டயக்னோசிஸ் கார்ட்டை முதலில் நீட்டுங்கள். இரவு கடமையில் இருக்கும் வைத்தியருக்கு எந்த வழியால் திறந்தார்கள், எதனால் அடைத்தார்கள் என்பதை அதுதான் சொல்லும். மூக்கால் குழாய் போட வேண்டி வந்தால் இது தெரியாமல் போடுவது ஆபத்து. கட்டியின் பயாப்சி (எடுத்த துண்டை ஆய்வுகூடத்தில் பார்ப்பது) முடிவு டிஸ்சார்ஜ் நாளில் பெரும்பாலும் வந்திராது. அதன் இலக்கத்தைக் கார்ட்டிலேயே எழுதி வாங்குங்கள்.