ஹெட்டில் பெயர் தெரியாத ஓட்டை: போல்ட்டைத் தேடும் முன்

பழைய இன்ஜினைப் பிரித்து, ஹெட்டை (சிலிண்டர்களுக்கு மேலே மூடியாக உட்காரும் பகுதி) கழுவி மேஜையில் வைத்ததும் பட்டறையில் அடிக்கடி எழும் கேள்வி, "இந்த ஓட்டை எதுக்கு?" பிரித்தவர் வேறொருவராக இருப்பார், போட்டோ இருக்காது, அங்கே என்ன மாட்டியிருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த நிமிடமே, "ஒரு போல்ட்டைப் போட்டு அடைச்சிடலாமா?" என்பார்கள். அந்த ஓட்டை வழியாக என்ன ஓடியது என்று தெரியும்வரை நான் சரி என்று சொல்வதில்லை. தண்ணீரா, ஆயிலா, புகையா? எதை வைத்து அடைப்பது, அடைக்கலாமா கூடாதா என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

முதலில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். மரை இல்லாமல், கடைந்த மாதிரி வழுவழுப்பான வட்ட ஓட்டை என்றால் பெரும்பாலும் கோர் பிளக் (அடித்து இறக்கும் உலோக மூடி) உட்காரும் இடம். ஹெட்டை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் அறைகளுக்காக உள்ளே மணல் அச்சு வைப்பார்கள். அந்த அச்சைத் தாங்கவும், பிறகு மணலை வெளியே எடுக்கவும் வைத்த வாசல்கள் இவை. தண்ணீர் உறைந்தால் இன்ஜினைக் காப்பாற்றத்தான் இந்த பிளக் என்று சொல்வார்கள். நம்பிக்கொண்டு உட்கார முடியாது. பிளக் கழன்று வெளியே வராமல் ஹெட் வெடித்ததும் உண்டு.

மரை உள்ள ஓட்டை என்றால் குழப்பம் அதிகம். ஆயில் போகும் வழியை வெளியிலிருந்து நேராகத் துளைத்துவிட்டு, வாயை மரை பிளக்கால் மூடியிருப்பார்கள். டெம்பரேச்சர் சென்சார், ஹீட்டர் குழாய் இருந்த இடமாகவும் இருக்கலாம். சில பழைய பெட்ரோல் இன்ஜின்களில் புகையைக் குறைக்க எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் (புகை வெளியேறும் வழி) காற்று செலுத்தும் குழாய் அங்கே இருந்திருக்கும். ஒரே வார்ப்பைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்துவதால், உங்கள் வண்டியில் அங்கே வெறும் டம்மி பிளக் மட்டுமே இருந்திருக்கவும் கூடும்.

இதில் உறுதியான சாட்சி அழுக்குதான். துருவும் வெள்ளைப் படிவும் இருந்தால் தண்ணீர். கறுப்பாகப் பிசுபிசுப்பு என்றால் ஆயில். உலர்ந்த கரி என்றால் எக்ஸாஸ்ட். அதனால்தான் ஹெட்டைக் கழுவும் முன்பே ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுக்கச் சொல்கிறேன். கழுவிய பிறகு இந்தத் தடயம் எதுவும் மிஞ்சாது. (அலுமினிய ஹெட்டைக் காஸ்டிக் தொட்டியில் போடவே கூடாது, உலோகத்தையே தின்றுவிடும்.)

தடயம் போய்விட்டதா? ஓட்டைக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி, எங்கே வடிகிறது என்று பாருங்கள். கேஸ்கெட் முகத்தில் (இன்ஜின் பிளாக்கோடு சேரும் தட்டைப் பக்கம்) உள்ள தண்ணீர்த் துளை வழியாக வந்தால் அது வாட்டர் ஜாக்கெட், அதாவது தண்ணீர் ஓடும் அறை. ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) பீடத்தின் அருகே எட்டிப் பார்த்தால் ஆயில் வழி. எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் சொட்டினால் புகை வழி, சொல்லவே வேண்டாம். மெல்லிய கம்பியும் டார்ச்சும் கூட உதவும். காற்று அடிப்பதாக இருந்தால் அழுத்தத்தைக் குறைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள். எதிர்ப்பக்க ஓட்டையிலிருந்து துகள் எந்தத் திசையில் பறக்கும் என்று சொல்ல முடியாது. புது ஹெட் கேஸ்கெட்டை மேலே வைத்து ஒப்பிடுவதும், வார்ப்பு எண்ணைக் கொண்டு பார்ட்ஸ் புத்தகத்தில் தேடுவதும் வீண் வேலை இல்லை.

அடைக்கவே கூடாதவை சில உண்டு. ஸ்பார்க் பிளக் குழியின் அடியிலிருந்து பக்கவாட்டில் திறக்கும் சிறு துளை, உள்ளே விழும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. கேஸ்கெட் முகத்தில் உள்ள சின்ன நீராவித் துளைகளை மூடினால் நீராவி அங்கேயே தங்கி, வால்வுகளுக்கு நடுவே விரிசல் விடும். மேலே போன ஆயில் கீழே இறங்கும் வழிகளும் இதே கணக்குதான்.

அடைக்கலாம் என்று உறுதியானால் மரையை அளந்துவிட்டு பிளக் வாங்குங்கள். 1/8 என்.பி.டி. (அமெரிக்கக் கூம்புக் குழாய் மரை) மரைக்கு ஓர் அங்குலத்துக்கு 27 புரி, கோணம் 60 டிகிரி. 1/8 பி.எஸ்.பி.க்கு (பிரிட்டிஷ் குழாய் மரை) 28 புரி, 55 டிகிரி. விட்டத்தில் எம்10 (10 மி.மீ. மெட்ரிக்) மரையும் ஏறக்குறைய இவற்றோடு ஒட்டி வரும். ஒன்றுக்குள் மற்றொன்று இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அந்த இறுக்கத்தை நம்பித்தான் ஆட்கள் ஸ்பானரில் குழாயைச் செருகி முறுக்குகிறார்கள். வார்ப்பிரும்பு மேடு பிளந்துவிடுகிறது. கூம்பு மரை பிளக் ஓர் ஆப்பு மாதிரி, முறுக்க முறுக்கச் சுற்றியுள்ள உலோகத்தை வெளியே தள்ளும்.

ஆயில் ஓட்டைக்கு மரை சீலன்ட் போதும். டெஃப்லான் டேப்பை நான் தொடுவதில்லை; ஒரு நூல் பிய்ந்து உள்ளே போனால் ராக்கருக்குப் போகும் சிறு துளையை அடைத்துவிடும். தண்ணீர்ப் பக்கத்துக்குக் கோர் பிளக் என்றால் உட்காரும் இடத்தைத் துரு போகச் சுத்தம் செய்து, மெல்லிய சீலன்ட் பூசி, சரியான டிரைவரால் (பிளக்கை அடித்து இறக்கும் கருவி) நேராக இறக்குங்கள். கிண்ண வடிவ பிளக்கை நடுவில் சுத்தியால் அடித்தால் உருக்குலைந்து ஒழுகும். குவிந்த தட்டு வடிவத்துக்கு நேர்மாறு, அதை நடுவில் தட்டினால்தான் விரிந்து பிடிக்கும். எக்ஸாஸ்ட் ஓட்டையில் சிலிக்கான் வேண்டாம். நல்ல சிலிக்கானே சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், லோடு ஏறும்போது அங்கே 600ஐத் தாண்டும். எஃகு பிளக், செம்பு வாஷர், மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை (சூட்டில் மரை இறுகிப் பிடிக்காமல் காக்கும்) போதும். எரியறைக்குள் திறக்கும் ஓட்டை என்றால் எபாக்ஸி பசையை மறந்துவிட்டு மெஷின் ஷாப்புக்கு எடுத்துப் போங்கள்.

பூட்டும் முன் வாட்டர் ஜாக்கெட்டைத் தட்டுகளால் மூடி, இரண்டு பார் காற்று கொடுத்து, வெந்நீரில் முக்கிக் குமிழி பாருங்கள். குளிர்ந்த ஹெட்டில் மூடிக்கொள்ளும் விரிசல் சூட்டில்தான் வாயைத் திறக்கும். அடைத்தது ஆயில் வழி என்றால், ஸ்டார்ட் செய்ததும் ராக்கர் மூடி இல்லாமலேயே ஐடிலில் ஓடவிட்டு, மேலே ஆயில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடுங்கள்.