மருத்துவ ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்களிடம் ஒரு கேள்வி

கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு இந்தத் தொலைபேசி வந்துவிடும். "டாக்டர், எங்க சபையில இருந்து ஒரு டீம் உகாண்டா போறோம். பத்து நாள் மெடிக்கல் கேம்ப். என்னென்ன மாத்திரை எடுத்துட்டுப் போகலாம்?"

மாத்திரைப் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு நான் கேட்பது இதுதான்: அங்கே யாருக்குக் கீழே வேலை செய்யப் போகிறீர்கள்? பெரும்பாலும் ஒரு பாஸ்டரின் பெயரைச் சொல்வார்கள். பாஸ்டர் தங்க இடம் கொடுப்பார், வேன் பிடித்துக் கொடுப்பார். நீங்கள் பார்த்த நோயாளிக்கு இரண்டு நாள் கழித்து மூச்சுத் திணறினால் அவர் என்ன செய்வார்?

ஆப்பிரிக்கா என்றாலே மருத்துவரே இல்லாத வெட்டவெளி என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. உகாண்டாவின் தலைநகர் காம்பாலாவில் ஆங்கில மிஷனரி மருத்துவர் ஆல்பர்ட் குக் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கியது 1897இல். வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்ததே 1900இல்தான். மெங்கோ இன்றும் நடக்கிறது, நடத்துகிறவர்கள் உகாண்டாக்காரர்கள். அங்கே ஆள் பற்றாக்குறை உண்டு, மருந்துத் தட்டுப்பாடும் உண்டு. அனுபவத்துக்குப் பஞ்சமில்லை.

நான் குழந்தை மருத்துவர் என்பதால் என் துறையிலிருந்தே சொல்கிறேன். மேற்கு உகாண்டாவில் ஒரு மிஷன் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் வேலை செய்திருக்கிறேன். கடும் ஊட்டச்சத்துக் குறைவோடு வரும் பிள்ளை எலும்பும் தோலுமாகத்தான் இருக்கும் என்பதில்லை. குவாஷியோர்கர் வகையில் பிள்ளை புசுபுசுவென்று இருக்கும். புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கும். பார்த்ததும் யாருக்கும் கை பரபரக்கும்: வயிறு நிறைய ஊட்டு, டிரிப் போடு, இரும்புச்சத்து டானிக் கொடு.

இந்த மூன்றுமே அந்தப் பிள்ளையைக் கொல்லக்கூடியவை. பட்டினியில் இதயம் இளைத்துப் போயிருக்கும். வேகமாக ஏற்றும் டிரிப்பை அது தாங்காது. திடீரென்று நிறையச் சாப்பாடு உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடும். இரும்புச்சத்தை முதல் கட்டத்தில் கொடுத்தால் தொற்று முற்றலாம். அதனால் ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி (ஷாக்) நிலையில் இருக்கும் பிள்ளைக்கு மட்டுமே, அதுவும் பக்கத்திலேயே இருந்து கவனித்தபடி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றுவோம். உணவுக்கு எஃப்-75 என்ற பால்மாவு, 100 மில்லியில் 75 கலோரி. ஆறு கிலோ எடையும் மோசமான வீக்கமும் உள்ள பிள்ளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மில்லி. அவ்வளவுதான்! அரை டம்ளர்கூட வராது. தாய்க்கே மனசு கேட்காது.

சிகிச்சையின் கஷ்டமான பகுதி இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் வரும் அந்த 50 மில்லிதான். பிள்ளை தூங்குகிறதே என்று விட்டால் சர்க்கரை இறங்கிவிடும், உடம்பு சில்லிட்டுவிடும். வார்டில் அதைச் செய்தவர் உள்ளூர் நைட் சிஸ்டர். தாயை எழுப்பி, கப்பில் அளந்து கொடுத்து, சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். பத்து நாள் கேம்ப்பில் வருகிறவர் அவருக்கு மாற்று ஆக முடியாது. உதவியாளராக இருக்கலாம், அவர் சம்மதித்தால்.

உகாண்டாவின் ஜிஞ்சா நகரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவப் படிப்பு எதுவும் இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண், தேவ அழைப்பு என்று நம்பி அங்கே போய் ஊட்டச்சத்து மையம் தொடங்கினார். 2010 முதல் 2015 வரை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2015இல் மாவட்டச் சுகாதார அதிகாரி மையத்தை மூட உத்தரவிட்டார். 2019இல் இரண்டு தாய்மார்கள் வழக்குப் போட்டார்கள். தான் மருத்துவராக நடிக்கவில்லை, வந்த குழந்தைகள் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் இருந்தார்கள் என்பது அவர் தரப்பு. 2020இல் பொறுப்பை ஏற்காமலே இழப்பீடு கொடுத்துச் சமரசம் ஆனது. அவருடைய அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், காம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில், இதே நோய்க்கென்று முவானமுகிமு என்ற பிரிவு 1960களிலிருந்து இருக்கிறது. சொந்த ஊரில் ஊசி போட அனுமதி இல்லாத ஒருவர் அங்கே போய்ப் போடலாம் என்று நினைக்க வைத்தது எது? அந்த ஊர்ப் பிள்ளைகள் ஏழைகள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

ஆகவே மருத்துவ மாணவர்களே, இங்கே தனியாகச் செய்ய அனுமதி இல்லாததை அங்கேயும் செய்யாதீர்கள். தகுதி பெற்ற மருத்துவராக இருந்தாலும் உகாண்டாவின் மருத்துவ, பல்மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். சுற்றுலா விசாவில் போய் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொள்வது சட்டப்படி தவறு. உங்களை அழைக்கும் மருத்துவமனையிடமே கேட்டால் விண்ணப்பத்துக்கு வழி சொல்வார்கள். வழி சொல்லத் தெரியாத இடம் என்றால் உஷாராகிவிடுங்கள்.

இனி மாத்திரை. மருந்துக் கம்பெனி ரெப் கொடுத்த சாம்பிள்களைப் பையில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். தானமாகப் போகும் மருந்துக்கு, போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடக் காலக்கெடு மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு விமானம் ஏறினால் 31ஆம் நாள் அந்த அம்மா எங்கே போவார்? பக்கத்து ஹெல்த் சென்டரில் எது தொடர்ந்து கிடைக்குமோ அதையே எழுதி, அங்கேயே பதிவு போட்டு அனுப்புங்கள்.

ஜெபம் பற்றியும் கேட்பார்கள். நானும் சபையில் வளர்ந்தவன்தான், கேட்கிற நோயாளியோடு சேர்ந்து ஜெபித்திருக்கிறேன். டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் வரிசையில் நிற்க வைத்துப் பிரசங்கம் செய்வதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த தகப்பனால் அங்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, எல்லோரும் மறப்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. உகாண்டாவுக்கு அது கட்டாயம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டால்தான் சான்றிதழ் செல்லும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது, முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.