அனல்மின் நிலையத்தில் லேகிங் பிரித்தவர்கள் கவனத்துக்கு

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்கள் மூச்சுத் தொந்தரவோடு என்னிடம் வந்தால் பெரும்பாலும் சாம்பலைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். நிலக்கரித் தூசும் சாம்பலும் கண்ணுக்குத் தெரியும், சட்டையில் படியும், சளியில் கறுப்பாக வரும். அதனால் சங்கமும் பேசுகிறது, ஊர்க்காரர்களும் மனு கொடுக்கிறார்கள். பாய்லர் சுவரிலும் நீராவிக் குழாய்களிலும் சூடு வெளியேறாதபடி சுற்றியிருந்த வெள்ளைப் பொருளைப் பற்றி நானாகக் கேட்டால்தான், "லேகிங்கா டாக்டர்? ஒவ்வொரு ஓவர்ஹாலிங்கிலும் நாங்கதான் பிரிப்போம்" என்று பதில் வரும்.

பழைய மின்நிலையங்களின் லேகிங்கில் பல பத்தாண்டுகள் உலகெங்கும் சேர்க்கப்பட்டது ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். 540 டிகிரி செல்சியஸ் நீராவி ஓடும் குழாய்க்கு, சூடு தாங்குகிற, மலிவான, எந்த வளைவிலும் படிகிற பொருளாக அது கிடைத்தது. லேகிங்கோடு அது நிற்கவில்லை. டர்பைன் உறை, வால்வில் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் பேக்கிங் கயிறு, குழாய்களை இணைக்கும் விளிம்பான ஃபிளாஞ்சுக்கு நடுவே வெட்டிப் போடும் கேஸ்கட் ஷீட், பழைய மின்பலகைகளின் தகடுகள், வெல்டருடைய கையுறை, தீப்பொறி விழாமல் விரிக்கும் போர்வை, கொட்டகைக் கூரை எல்லாவற்றிலும் இருந்தது.

கெட்டியாக ஒட்டிக் கிடக்கும்வரை அதனால் பெரிய ஆபத்தில்லை. ஓவர்ஹாலிங்குக்காக யூனிட்டை, அதாவது ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த தொகுதியை, நிறுத்தும் ஷட்டவுன் வந்ததும் நிலைமை மாறுகிறது. குறித்த நாளுக்குள் யூனிட்டைத் திரும்ப ஓடவிட வேண்டும் என்ற அவசரத்தில் காய்ந்த லேகிங்கைச் சுத்தியலால் தட்டி உதிர்ப்பார்கள். ஃபிளாஞ்சில் ஒட்டிய கேஸ்கட்டை கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பார்கள். மிச்சத் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவார்கள். சாரத்தின் மேல் இது நடக்கும்போது கீழே வெல்டரும் எலெக்ட்ரீஷியனும் தங்கள் வேலையில் இருப்பார்கள். உதிர்ந்ததை விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிறவர்கள் பல இடங்களில் ஒப்பந்தப் பெண்கள். இவர்களில் யாரும் தன்னை 'ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளி' என்று நினைத்ததில்லை. வேலைச் சட்டையை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமாருக்கும் கல்நாரால் நோய்கள் வந்திருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

கல்நார் இழை தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. நுரையீரலின் அடியாழம்வரை போய்த் தங்கிவிடும். உடலால் அதை எளிதில் கரைக்கவோ வெளியேற்றவோ முடியாது. அதைச் சுற்றி மெல்ல மெல்லத் தழும்பு கட்டி நுரையீரல் விறைத்துப்போவதுதான் ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலையோ வயிற்றையோ போர்த்தியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோயும் இதனால் வருகின்றன. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று எந்த வகைக் கல்நாரானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு. 'வெள்ளை வகை பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

1960களில் நியூயார்க்கில் இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர் லேகிங் தொழிலாளர்களைச் சங்கப் பதிவேட்டை வைத்து ஆராய்ந்தார். நம் ஓவர்ஹாலிங் ஆட்கள் செய்த அதே வேலையைச் செய்தவர்கள் அவர்கள். 1979இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கணக்கின்படி, புகைக்காத, கல்நாரோடு பழகாத ஒருவரோடு ஒப்பிட்டால், கல்நாரில் வேலை செய்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. புகைப்பழக்கமும் சேர்ந்தால் 50 மடங்குக்கும் மேல். லேகிங் வேலை பார்த்த ஒருவர் இன்று தனக்காகச் செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய நன்மை பீடி, சிகரெட்டை நிறுத்துவது. உள்ளே போன இழையை என்னால் எடுக்க முடியாது, இதை மட்டும் வற்புறுத்திச் சொல்ல முடியும்.

எங்களுக்கு உண்மையான சிக்கல் காலம்தான். ஆஸ்பெஸ்டோசிஸ் தெரிய 10, 20 ஆண்டுகள் ஆகும். மீசோதீலியோமாவுக்கு 30, 40 ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருப்பார், ஒப்பந்தக்காரர் தொழிலை விட்டிருப்பார், யூனிட்டே மூடப்பட்டிருக்கும். ஓட்டுநராகவோ காவலாளியாகவோ இருக்கும் ஒருவர் மேல்மூச்சு வாங்க வருகிறார். எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது, காசநோய் மாத்திரை தொடங்குகிறார்கள். சளியில் கிருமி இல்லை, மாத்திரையில் குணமும் இல்லை. முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் சரசரவென்று கேட்கிறது. அப்போதாவது 'இருபத்தைந்து வயதில் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். சக மருத்துவர்களிடம் இதை மன்றாடிக் கேட்கிறேன். 'இப்போது என்ன வேலை' என்ற ஒரே கேள்வியோடு வேலை வரலாற்றை முடித்துவிடாதீர்கள். ஆஸ்பெஸ்டோசிஸ் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். தெரிவிப்பது மருத்துவரின் கடமை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கல்நார்த் தொழில் நிறுவனங்கள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. கல்நார் லேகிங் உள்ள மின்நிலையமும் ஒப்பந்தத் தொழிலாளியையும் சேர்த்து அதே பதிவை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. நிலக்கரி அனல்மின் நிலையத் தொழிலாளர்களின் உடல்நலம் குறித்தே தொடரப்பட்ட வழக்கில், 2014 ஜனவரியில் அதே நீதிமன்றம் கண்காணிக்கும் பொறுப்பை அந்தந்த மாநில உயர் நீதிமன்றங்களிடம் ஒப்படைத்தது.

இப்போது புதிய லேகிங்குக்கு, கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வுல் போன்ற மாற்றுகள் இருக்கின்றன. ஆனால் பழைய யூனிட்டுகள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இலும் 1962இல் தொடங்கிய நெய்வேலி முதல் அனல்மின் நிலையம் 2020இலும் நின்றன. அந்தத் தலைமுறை நிலையம் எதைப் பிரித்தாலும், மாதிரி எடுத்துச் சோதித்து 'இல்லை' என்று தெரியும்வரை லேகிங்கில் கல்நார் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். நனைத்துப் பிரிக்க வேண்டும், பகுதியை மூடிக்கட்ட வேண்டும், ஊதவோ உலர்வாகக் கூட்டவோ கூடாது. மூக்கில் கட்டும் துண்டும் அறுவைச் சிகிச்சை முகக்கவசமும் இந்த இழையைத் தடுக்காது. முகத்தோடு பொருந்தும், நுண்துகள் வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். உடுப்பை அங்கேயே கழற்றிக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இரும்பை எடை போடும் பழைய இரும்பு ஒப்பந்தக்காரர் இதையெல்லாம் தானாகச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. டெண்டரிலேயே எழுதியிருக்க வேண்டும்.

லேகிங், கேஸ்கட், பேக்கிங் வேலை பார்த்தவர்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த நிலையம், எந்த யூனிட், எந்த ஆண்டு, எந்த ஒப்பந்தக்காரர், கூட வேலை பார்த்தவர்கள் யார். பழைய கேட் பாஸ், பி.எஃப். சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எக்ஸ்ரே ஃபிலிம் எதையும் எறியாதீர்கள். கல்நாரால் வரும் இந்த நோய்களுக்குத் தொழிலாளி இழப்பீடு பெறச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அங்கே வேலை பார்த்ததைக் காட்டக் காகிதம் வேண்டும். மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோய், அவர் கேட்பதற்கு முன்பே காட்டுங்கள்.