அழுகைக்குக் கிடைத்த வர்க்கி

காலை ஏழரை மணி. கோத்தகிரியில் டிசம்பர் குளிர். வாயைத் திறந்தால் புகை வருகிறது. என் நாலு வயது மகன் ஸ்வெட்டர் போடமாட்டேன் என்று சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுகிறான். அவனுடைய அம்மாயி, அதாவது என் அம்மா, மூன்று நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். அப்புறம் "அழுவாத சாமி, இந்தா" என்று டப்பாவைத் திறந்து ஒரு வர்க்கியை, எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட்டை, கையில் கொடுப்பார். அழுகை சட்டென்று நிற்கும். அவன் மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்வெட்டரை மாட்டிவிடுவோம். மறுநாள் ஏழரைக்கு அதே இடம், அதே அழுகை.

இந்த மூன்று நிமிடத்தில் பாடம் படித்தவர்கள் இரண்டு பேர். அழுதால் வர்க்கி வரும் என்று பையன் படித்தான். வர்க்கி கொடுத்தால் அழுகை நிற்கும் என்று அம்மாயி படித்தார். பையனுக்கு நடந்தது நேர்மறை வலுவூட்டல்: ஒரு செயலைத் தொடர்ந்து பிடித்தது ஒன்று வந்து சேர்ந்தால், அந்தச் செயல் திரும்ப நடக்கும் வாய்ப்பு கூடும். அம்மாயிக்கு நடந்தது எதிர்மறை வலுவூட்டல்: தொல்லை ஒன்று விலகியதால் அவர் செய்தது வலுப்பட்டது. (எதிர்மறை என்றால் தண்டனை என்று பலர் எழுதுகிறார்கள். தப்பு. ஏதோ ஒன்று வந்து சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை, அவ்வளவுதான்.)

உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இல் பசித்த பூனைகளைப் பெட்டியில் அடைத்துப் பார்த்தது முதல் இந்த ஆராய்ச்சி தொடங்குகிறது. தாழ்ப்பாளைத் தட்டி வெளியே வந்தால் சாப்பாடு. அடைக்க அடைக்க, வெளியே வரும் நேரம் குறைந்துகொண்டே போனது. பின்னால் பி. எஃப். ஸ்கின்னர் இதை விரிவாக்கினார். நம் நோக்கம் என்ன என்று மூளை கேட்பதில்லை. எதை அடுத்து எது வந்தது என்று மட்டும் பார்க்கிறது.

அந்த 'அடுத்து' முக்கியம். வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர், குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துள்ளின. விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று பழகிய பிறகு, விளக்குக்கே துள்ளின. சாறு வந்தபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அடங்கிப்போயின. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இந்த அணுக்கள் கணக்கிடுகின்றன என்று 1997-இல் இன்னும் இருவருடன் சேர்ந்து எழுதினார். பரிசு ரொம்பத் தள்ளிப்போனால் செயலோடு ஒட்டாது. "நல்லா இருந்தீன்னா ஞாயித்துக்கிழமை ஊட்டி பார்க்குக்குப் போலாம்" என்பது நாலு வயசுக்கு எட்டாது. அவனுக்கு ஞாயிறு அடுத்த ஜென்மம்.

சின்னக் குழந்தைக்கு மிட்டாயைவிடப் பெரிய பரிசு நம் கவனம். 1964-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நர்சரிக்கு வந்த மூன்று வயதுப் பெண் குழந்தை, நடக்கத் தெரிந்தும் பெரும்பாலும் தவழ்ந்தே திரிந்தது. ஆசிரியைகள் ஆதரவாகப் பக்கத்தில் போய்ப் பேசினார்கள். தவழ்வது குறையவில்லை. பிறகு ஏற்பாட்டை மாற்றினார்கள்: தவழும்போது கண்டுகொள்ள வேண்டாம், எழுந்து நின்றால் உடனே போய்ப் பேச வேண்டும். ஒரே வாரத்தில் குழந்தை மற்றவர்களைப்போல நடந்தது. சந்தேகத்துக்கு மறுபடி மாற்றி, தவழும்போது கவனித்தார்கள், தவழ்வது திரும்பியது. இன்னொரு தடவை மாற்றினார்கள், எழுந்து நடந்தது.

ஆனால் எல்லா அழுகையையும் கண்டுகொள்ளாமல் விடுவது முட்டாள்தனம். வலியா, பயமா, காய்ச்சலா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டு ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டையை நான் ஒருநாள் என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். முள் மாதிரி உறுத்தியது. உள்ளே ஒரு முழுக்கை பனியன் போட்டுவிட்டோம். பாதி அழுகை அதோடு போயிற்று. மீதிப் பாதி வர்க்கிக்காக.

அதற்கு ஒரு ஒப்பந்தம். கையை நீட்டியதும் "கையை நீட்டிட்டியே!" என்று அம்மாயி சொல்வார். 'நல்ல பையன்' என்று மொத்தமாகச் சொன்னால் எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. இரண்டாவது கை, தலை, பொத்தான் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல். வர்க்கி சாயங்கால டீயோடு, யார் அழுதாலும் அழாவிட்டாலும்.

ஸ்வெட்டர் போட ஏன் ஒவ்வொரு நாளும் பரிசு பேசவில்லை என்றால், அதற்கும் ஒரு ஆய்வு உண்டு. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள நர்சரிக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், ஓரிரு வாரம் கழித்துத் தாமாக வரைந்த நேரம், மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் கொள்ளாமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. பிடித்த விளையாட்டுக்குக் கூலி பேசினால் அது வேலையாகிவிடுகிறது.

கொடுப்பதை நிறுத்தியதும் அழுகை முதலில் ஏறலாம். அங்கேதான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன. நீலகிரி மலை ரயில் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் ஸ்டேஷனில் நிற்கும்போது பாருங்கள்: குரங்குகள் ஜன்னல் ஜன்னலாக வரும். ஒன்பது ஜன்னல் மூடியிருந்தாலும் பத்தாவதில் யாராவது பிஸ்கட் நீட்டுவார்கள். எப்போதாவது கிடைப்பதால்தான் அவை அலுக்காமல் வருகின்றன. 1959-இல் வில்லியம்ஸ் என்பவர் எழுதிய 21 மாதக் குழந்தையின் கதையும் அதே. படுக்கவைத்துவிட்டு வெளியே வந்ததும் முதல் தடவை 45 நிமிடம் அழுதது. பத்தாம் தடவை சிரித்துக்கொண்டே படுத்தது. அடுத்த வாரம் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், அழுகிறதே என்று தூங்கும்வரை அறையிலேயே இருந்துவிட்டார். முழுக் கூத்தும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மறுபடி அடங்க ஒன்பது தடவை ஆயிற்று.

எங்கள் வீட்டில் அது பொங்கலுக்கு வந்த மாமா. நான் குளித்துவிட்டு வருவதற்குள், அழுத மருமகன் கையில் ஊட்டி சாக்லேட் துண்டு ஒன்று இருந்தது. "பாவம்க்கா, எவ்வளவு நேரம் அழுவான்?" என்றான் தம்பி. அம்மாயி முறைத்த முறைப்பில் மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுபடி முதலிலிருந்து தொடங்கி இன்று நாலாவது நாள். ஒரு கை வரைக்கும் வந்திருக்கிறோம்.