திறவுச்சொல்: கீவேர்டுக்குப் பொருத்தமான தமிழ்

ஆய்வுக் கட்டுரைகளில் சுருக்கத்துக்குக் கீழே ‘திறவுச்சொற்கள்’ என்று நாலைந்து சொற்களை அடுக்கியிருப்பார்கள். சிலர் ‘முக்கியச் சொற்கள்’ என்பார்கள். இணையத்தில் ‘குறிச்சொற்கள்’ என்பதும் உண்டு. கீவேர்டு என்பதற்கு இவற்றில் எதை எழுதுவது?

அச்சொல்லில் உள்ள ‘கீ’ சாவிதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சங்கேத எழுத்தை ஒட்டி வழக்குக்கு வந்தது. மறைத்தெழுதிய கடிதத்தைப் படிக்க, எழுதியவரும் பெறுபவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளும் சொல் அது. 1950களின் இறுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், கட்டுரைத் தலைப்புகளின் பொருளுள்ள சொற்களைக் கணினியால் அகரவரிசைப்படுத்தி, இருபுறமும் அவற்றின் சூழலோடு அச்சிடும் முறையை உருவாக்கினார். நூலகத்துறையில் இச்சொல் பரவலாக அம்முறையும் ஒரு காரணம்.

ஆகவே ‘திறவுச்சொல்’தான் சரி என்பேன். திறவுகோல் என்ற பழகிய சொல்லிலிருந்து கோலை எடுத்துவிட்டுச் சொல்லை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். ‘முக்கியச் சொல்’ பொருளைப் பாதி சொல்லி நின்றுவிடுகிறது. ‘குறிச்சொல்’ உண்மையில் டேக் என்பதற்கு உரியது. ஒரு கட்டுரைக்கு ‘அரசியல்’ என்று குறிச்சொல் இடலாம், உரைக்குள் அச்சொல் ஒருமுறைகூட வராமல் போகலாம்.

நிரலாளர்களுக்கும் இதுவே பொருந்துகிறது. விகாஷ் சிங் 2017இல் வெளியிட்ட ஃபிளாஷ்டெக்ஸ்ட் என்ற சிறிய நிரலகத்தைப் (பைத்தான் நிரல்மொழியில் எழுதிய, பிற நிரல்களில் எடுத்தாளக்கூடிய ஆயத்த நிரல்தொகுப்பு) பாருங்கள். தேட வேண்டிய வடிவங்களையும், அவை சுட்டும் ஒரே பெயரையும் அதற்குக் கொடுக்க வேண்டும். ‘மதராஸ்’, ‘மெட்ராஸ்’ இரண்டுக்கும் ‘சென்னை’ என்று கொடுத்தால், உரையிலிருந்து ‘சென்னை’ என்று பிரித்தெடுத்தும் தரும், உரையிலேயே மாற்றியும் தரும். சொற்களை எழுத்தெழுத்தாகக் கிளைபிரியும் மரமாக அடுக்கிக்கொண்டு உரையை ஒரே ஓட்டத்தில் படித்துவிடுவதால், திறவுச்சொற்கள் ஆயிரக்கணக்கில் பெருகினாலும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. உரையில் வடிவங்களைத் தேட வழக்கமாகப் பயன்படும் ரெகெக்ஸில் நீண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தமிழில் இந்தச் சாவி அப்படியே சேராது. சொல் எங்கே முடிகிறது என்று அறிய ஃபிளாஷ்டெக்ஸ்ட் ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கொள்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் அதற்கு இடைவெளி மாதிரி. ‘கல்’லைப் ‘பாறை’ ஆக்கச் சொன்னால் ‘கல்வி’ ‘பாறைவி’ ஆகிறது. ‘பகல்’ ‘பபாறை’ ஆகிறது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்துத் தமிழ் எழுத்துகள் அனைத்தையும் சொல்லின் உறுப்புகளாக அறிவிக்க நிரலகத்திலேயே வழி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்துவிட வேண்டும்.

அடுத்து வேற்றுமை உருபு காத்திருக்கிறது. ‘மதராஸில்’ என்ற சொல்லுக்குள் ‘மதராஸ்’ இல்லை. புள்ளி போய் அந்த இடத்தில் இகரக் குறி வந்துவிட்டது. புள்ளியை விட்டு ‘மதராஸ’ என்று கொடுத்துப் பார்க்கலாம் என்றால், எல்லை சரிசெய்யப்படாத நிரலகம் ‘சென்னைில்’ என்று எழுதி வைக்கும். நமக்கு வேண்டியதோ யகர உடம்படுமெய் ஏறிய ‘சென்னையில்’. எனவே ‘மதராஸில்’, ‘மதராஸுக்கு’, ‘மதராஸிலிருந்து’ என ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனித் திறவுச்சொல்லாகக் கொடுத்து, எதிரே ‘சென்னையில்’, ‘சென்னைக்கு’, ‘சென்னையிலிருந்து’ என்று எழுத வேண்டும். அலுப்பான வேலைதான். உருபுகளைக் கொண்டு இந்தப் பட்டியலைத் தயாரிக்கத் தனியாக ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்வது நல்லது.

கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோடு) இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலகத்துக்கு வேறு வேறு. தேடலைத் தொடங்குமுன் உரையையும் திறவுச்சொற்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.