கேஸ் மாத்திரை போட்டும் வயிறு ஏன் கனக்கிறது?

மதியம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டால் ராத்திரி வரை வயிறு கல்லாய்க் கிடக்கிறது, புளிச்ச ஏப்பம் வருகிறது, நெஞ்சு எரிகிறது என்று சொல்பவர்களைக் குமரி மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். கேஸ் மாத்திரை போட்டால் பெரும்பாலும் எரிச்சல் அடங்கும். ஆனால் சிலருக்கு வயிற்றுக் கனமும் குமட்டலும் அப்படியே நிற்கும். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று அவர்களைத் தள்ளிவிடுவது அநியாயம். அமிலத்தைக் குறைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. இரைப்பையின் அசைவை அது சீராக்குவதில்லை.

அந்த அசைவுக்குத் தாளம் போடுவது மின்சாரம். இரைப்பையின் மேல்பகுதியில், பெரிய வளைவை ஒட்டி, கஹால் செல்கள் என்ற தனிவகைச் செல்கள் இருக்கின்றன. ஸ்பெயின் அறிவியலாளர் ரமோன் இ கஹாலின் பெயர்தான் அவற்றுக்கு. அங்கிருந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மின்னலைகள் புறப்பட்டுக் கீழ்வாசலை நோக்கி மெதுவாக இறங்கும். அலை மட்டும் வந்தால் தசை பலமாகச் சுருங்காது. சாப்பிட்ட பிறகு நரம்புகளின் தூண்டுதலும் சேரும்போதுதான் தசை அந்த அலையோடு இறுகி, உணவை 1, 2 மில்லிமீட்டர் துகள்களாக அரைத்துச் சிறுகுடலுக்குத் தள்ளும். குளச்சல் கரையில் கரமடி வலையை இழுப்பவர்களைப் பாருங்கள்: ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் மடி நகராது. இரைப்பைத் தசைகளும் அப்படித்தான்.

இந்த அலையை வயிற்றுத் தோலின் மேலிருந்தே பதிவு செய்ய முடியும் என்று 1922-ல் அறிவித்தவர் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ். அவர் பதிவு செய்தது ஒரு மூதாட்டியிடம். வயிற்றுச் சுவர் மிக மெலிந்திருந்ததால் அவருடைய இரைப்பையின் அசைவு வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. இன்றும் முறை கிட்டத்தட்ட அதுதான். வெறும் வயிற்றில் ஒரு பதிவு, உணவு கொடுத்தபின் இன்னொன்று. நிமிடத்துக்கு 2 முதல் 4 அலைகள் இயல்பு. சாப்பிட்டதும் அலையின் வலு கூட வேண்டும்.

நெஞ்செரிச்சலோடு அஜீரணமும் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தத் தாளம் பிசகியிருக்கிறது. அலை மிக மெதுவாகவோ வேகமாகவோ வருகிறது. சிலருக்குச் சாப்பிட்ட பிறகும் வலு கூடுவதில்லை. உணவு தேங்கினால் இரைப்பையின் மேல்பகுதி விரியும். அந்த விரிவே உணவுக்குழாயின் அடிவாசலை அடிக்கடி தளரச் செய்து அமிலத்தை மேலே விடும். கொழுப்பு இரைப்பை காலியாவதை இன்னும் தாமதப்படுத்தும் என்பதால், தேங்காய் நிறைய அரைத்த கறியும் பொரித்த மீனும் இவர்களை அதிகம் படுத்தும்.

எல்லாருக்கும் காரணம் இதுவல்ல. இந்தச் சோதனையை எல்லாருக்கும் செய்வதுமில்லை. ஆனாலும் மருத்துவரிடம் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எரிகிறதா, கனக்கிறதா, நாலு வாய்க்குள் வயிறு நிரம்பிவிடுகிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். நெடுநாள் சர்க்கரை நோய் கஹால் செல்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். விழுங்கச் சிரமம், எடை குறைதல், மலம் கறுத்துப் போதல் இருந்தால் தள்ளிப்போடாமல் உடனே போய்க் காட்டுங்கள்.